பேசாமல் மடிக்க வேண்டிய கொழுக்கட்டை

...காலையிலேயே கேட்டிருக்கலாம், நைனா குழாயடியில் குந்தி சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோதே, பக்கத்தில் யாரும் இல்லை, அம்மா உருளைக்கிழங்கு வாங்கப் போயிருந்தாள், அண்ணனும் அண்ணியும் இன்னும் கதவைத் திறக்கவில்லை, நான் கோலமாவு டப்பாவைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன், எவ்வளவு நேரம் நின்றேன், தெருமுனையில் இரண்டு பஸ் போகிற நேரம், அவராகவே திரும்பி "இன்னாம்மா" என்றார், வாய் திறந்தது, திறந்து வந்தது என்ன... கை துடைக்கத் துணி வேணுமா நைனா. வேண்டாம் என்றார். அவ்வளவுதான் காலை. இப்போது சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றரை. நாலு மணிக்கு ராபியா வருவாள், பின் தெரு ராபியா, என்னைப் போலவே பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், ஆனால் என்னைப் போல இல்லாமல் யாரிடமும் எதையும் கேட்டுவிடுகிறவள், அவள்தான் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கத்து டுடோரியலில் பாஸ்கரன் சாரிடம் இரண்டு பாரம் வாங்கி வந்தாள், ஒன்று தனக்கு, ஒன்று எனக்கு. பத்தாவது பரீட்சையைப் பள்ளிக்கூடம் போகாமலே எழுதுகிறவர்களுக்கான பாரம். கீழே தகப்பனார் கையெழுத்து என்று ஒரு கோடு இருக்கிறது. இன்றைக்கு ஐந்து மணிக்குள் கொடுத்துவிட்டால் சார் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித் திங்கட்கிழமை சேர்த்துவிடுவார், இல்லையென்றால் செப்டம்பர், செப்டம்பருக்குள் நான் மறுபடியும் பயந்துவிடுவேன் என்று எனக்கே தெரியும், ராபியாவுக்கும் தெரியும், அதனால்தான் நேற்றுப் போகும்போது அவள் சிரிக்காமல் சொன்னாள், நாலு மணிக்கு வருவேன், கையெழுத்து இல்லன்னா நானே உங்க நைனாகிட்ட கேப்பேன், அப்புறம் என்ன திட்டாத என்று.

அவள் கேட்டால் எப்படி இருக்கும்... அய்யோ, வேண்டாம். பாரம் என் பாவாடை இடுப்பில் பிளாஸ்டிக் கவருக்குள் மடித்துச் செருகியிருக்கிறது, மாவை எடுக்கக் குனியும்போதெல்லாம் சரக் என்கிறது, எனக்கு அந்தச் சத்தம் ரயில் போகிற மாதிரி கேட்கிறது. ஏனென்றால் வீட்டில் வேறு சத்தமே இல்லை. நாள் பார்த்துத்தான் மாட்டிக்கொண்டேன், வருஷம் முழுக்க கத்துகிற இந்த வீட்டில் ஒரே ஒரு மத்தியானம் யாரும் பேசக் கூடாது, அது இந்த மத்தியானம். டிசம்பர் இருபத்தி நாலு. எங்களுக்குக் கிறிஸ்துமஸ் கிடையாது, மாங்காட்டு அம்மன்தான், ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மட்டும் உண்டு. கூடத்தில் பழைய பேப்பரை விரித்து நடுவில் பலகையும் மைதா உருண்டையும் வைத்து நாங்கள் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம், அம்மா மாவைத் தேய்த்துத் தேய்த்துத் தள்ளுகிறாள், அண்ணன் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வட்டமாக வெட்டுகிறான், நைனாவும் நானும் இந்த வருஷம் புதிதாக அண்ணியும் பூரணம் வைத்து மடிக்கிறோம், மசித்த உருளைக்கிழங்கு, துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர், பொன் நிறத்தில் வதக்கின வெங்காயம். இதைக் கொதிக்கிற உப்புத் தண்ணீரில் போட வேண்டும், மூழ்கிப் போய்க் கொஞ்ச நேரம் கழித்துத் தானாக மேலே வரும், அள்ளி வெங்காயத்தோடு டால்டாவில் புரட்ட வேண்டும். போலந்துக்காரர்களின் பலகாரம். அம்மா அதைப் பிரோகி என்பாள், நைனா போலந்து கொழுக்கட்டை என்பார், பக்கத்து வீட்டு நாகம்மாள் அக்கா, உங்க ஊட்டு வேகாத சோமாசு எப்ப என்று கேட்பாள்.

அம்மா போலந்துக்குப் போனவள் இல்லை, பூந்தமல்லிக்கே மூச்சு வாங்கிக்கொண்டு போகிறவள். தொழிற்சாலை எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு மெஷின் பூட்ட வந்த போலந்து இன்ஜினீயர் வீட்டில் பத்து மாதம் வேலை செய்தாள், எனக்கு அப்போது நாலு வயது, என்னையும் இடுப்பில் தூக்கிப் போனாளாம், எனக்கு நினைவில் இருப்பது வழுவழுவென்று ஒரு தரையும் பச்சைக் கண்ணும்தான். இன்ஜினீயர் மனைவியின் பேர் ஹன்னா, எங்கள் அம்மாவுக்கு அன்னம்மா, அதனால் தெருவில் ரொம்ப நாள் அவள் கேரளா நர்ஸம்மா வீட்டில் வேலை செய்வதாகவே நினைத்தார்கள். அவர்கள் வீட்டில் அம்மா பார்த்தது ஒரே ஒரு கிறிஸ்துமஸ். அதற்கு முந்தின நாள் அன்னம்மா காலையிலிருந்து வாயே திறக்காமல் இதைச் செய்தாளாம், ஒரு வார்த்தை கிடையாதாம், எதிரில் உட்கார வைத்து மடிக்கக் கற்றுக்கொடுத்ததுகூடக் கையாலேயே, அம்மா ஏதோ கேட்கப் போனபோது உதட்டில் விரலை வைத்தாளாம். மறு வருஷம் அவர்கள் ஊருக்குப் போன பிறகு அம்மா எங்கள் வீட்டில் செய்தாள், அதேபோல உதட்டில் விரலை வைத்தாள். பேசினால் என்ன ஆகும் என்று அண்ணன் கேட்டதற்கு, தண்ணியில வாய் தொறந்துக்கும், பூரணம் எல்லாம் வெளிய வந்துடும் என்றாள். அதை அன்னம்மா சொன்னாளா அம்மாவே சொன்னாளா தெரியாது. பன்னிரண்டு வருஷமாக நாங்கள் பேசுவதில்லை.

எனக்கு இந்த மத்தியானம் எவ்வளவு பிடிக்கும் என்று நோட்டில் பல தடவை எழுதியிருக்கிறேன். எல்லாரும் என்னைப் போல ஆகிவிடுகிற மத்தியானம். மற்ற நாளில் யாராவது வந்தால், பொண்ணு பேசவே பேசாதா, ஊமையா என்பார்கள், அம்மா, அதெல்லாம் ஊட்ல நல்லா பேசும் என்று பொய் சொல்வாள், இன்றைக்கு அந்தக் கேள்வியே கிடையாது, இன்றைக்கு நான் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரி, எனக்கு அது கஷ்டமே இல்லை. ஆனால் வேடிக்கை, தண்ணீரில் போட்டதும் முதலில் வாய் திறப்பது எப்போதும் நான் மடித்ததுதான், ஓரத்தை அழுத்த எனக்குப் பயம், மாவு கிழிந்துவிடுமோ என்று மெல்லப் பிடிப்பேன், அது கொதியில் பிளந்துகொள்ளும், அண்ணன் கரண்டியில் அதைத் தூக்கிக் காட்டி, இவ பேச வேண்டியதெல்லாம் இதுங்க பேசுது என்பான். நைனா மடிப்பது வேறு மாதிரி. அவர் லேத் ஓட்டுகிறவர், திரெட் போட்ட மாதிரி ஓரம் முழுக்க மடிப்பு, பதினாலு, எண்ணியிருக்கிறேன், எல்லாவற்றிலும் பதினாலு. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, எஸ்டேட்டில் அவர் கம்பெனிக்குக் கரண்டு லீவு, மாற்றி மாற்றி வருகிற லீவு இந்தத் தேதியில் வந்துவிட்டதால் அரை நாள் லீவு சொல்லாமலே கிடைத்தது என்று காலையில் சந்தோஷமாக இருந்தார். சந்தோஷமாக இருந்தார்... அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும்.

எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இல்லை. நோட்டில் கேட்டுவிட்டேன். ஒன்பதாவதில் மிச்சமான நோட்டுகளில் வெள்ளைப் பக்கம் நிறைய இருந்தது, அதில் எத்தனை விதமாகக் கேட்டிருக்கிறேன், நைனா ஒரு விஷயம் என்று ஆரம்பித்து ஒரு பக்கம், நைனா கோபப்படாதீங்க என்று ஆரம்பித்து ஒரு பக்கம், ஒரு பக்கத்தில் அவர் சரி என்கிறார், ஒரு பக்கத்தில் எழுந்து வெளியே போய்விடுகிறார், ஒன்றில் அழுகிறார், அதைக் கிழித்துவிட்டேன். கையில் எல்லாம் வருகிறது. பரீட்சையும் கைதானே. அதை நினைத்தால்தான் எனக்குள் ஏதோ எழுந்து உட்காருகிறது, பரீட்சையில் யாரும் எழுந்து நின்று வாசி என்று சொல்ல மாட்டார்கள், பேசினால்தான் அங்கே தப்பு, மூன்று மணி நேரம் தலையைக் குனிந்துகொண்டு எழுதலாம், கூட வேண்டுமென்றால் தாள் கொடுப்பார்கள், கையை மட்டும் தூக்கினால் போதும்... ராபியா சொன்னபோது நான் இரண்டு தடவை கேட்டேன், நிஜமாகவே கையை மட்டும் தூக்கினால் போதுமா. அவள் என் தலையில் தட்டினாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை தமிழ் வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். எழுத்து தெரியாமல் இல்லை, அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம், கண்ணை மூடினால் வரி வரியாக வரும், ஆனால் எல்லா வரியும் தொண்டையில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி அடைத்துக்கொண்டது, டீச்சர் நல்லவர்தான், பொறுமையாக, படிம்மா படிம்மா என்றார், அந்தப் பொறுமைதான் தாங்கவில்லை, நாற்பது பேர் காத்திருந்தார்கள், யாரோ பின்னால் ஒருத்தி காற்று மட்டும் வருகிற மாதிரி ஹா என்று செய்து காட்டினாள், சிரிப்பு வந்துவிட்டது, டீச்சருக்கே கொஞ்சம். புதன், வியாழன், அதே மாதிரி. வெள்ளிக்கிழமை பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போனேன், கொரட்டூர் ஏரிக்கரை மேல் நடந்து மதகுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றும் செய்யவில்லை, சும்மா, நீர்க்கோழி பார்த்துக்கொண்டு. சாயங்காலம் நைனா வந்தார். திட்டவில்லை, அடிக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தார், மூச்சு வாங்கினார், அவர் பேன்ட் முழங்கால் வரை ஈரம், அப்புறம் என் பையைத் தான் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார், வீடு வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. திங்கட்கிழமை நான் போக மாட்டேன் என்றேன், அடுத்த வாரமும் என்றேன், பெரிய டீச்சர் ஆள் அனுப்பினார், அம்மா கெஞ்சினாள், அண்ணன் முடியைப் பிடித்து இழுத்தான், அப்போது நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். "இனிமே இந்த ஊட்ல படிப்புப் பேச்சு யாரும் எடுக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

யாரும் எடுக்கவில்லை. ரிசல்ட் வருகிற அன்றைக்குப் பேப்பரை அவர் மடித்துக் கைக்கடியில் வைத்துக்கொள்வார், நான் வெளியே போன பிறகுதான் பிரிப்பார். அவ்வளவு கோபம். அவ்வளவு வெட்கம், பெரிய டீச்சர் முன்னால் போய் அவர்தானே டி.சி. வாங்கி வந்தார், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பார். மற்றதெல்லாம் பேசுவார், தலைவலியா என்பார், மல்லிப்பூ வாங்கி வருவார், ஆனால் அந்த ஒரு கதவுக்கு அவர் பூட்டுப் போட்டுவிட்டார், நான் போய் எதைச் சொல்லித் தட்டுவது... மணி இரண்டே கால். அண்ணியின் தொடை ஆடுகிறது. பாவம், அவளால் முடியவில்லை. வசந்தா அண்ணி குத்தம்பாக்கத்துப் பெண், ஆவணியில் கல்யாணம், வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் ரேடியோவுக்கு வேலை இல்லை, தூங்கும்போது மட்டும்தான் நிறுத்துகிறாள் என்று நைனாவே சிரிப்பார். இன்றைக்கு முக்கால் மணி நேரமாக உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டிருக்கிறாள், அண்ணன் வேண்டுமென்றே அவளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குகிறான், அவள் மாவு உருண்டையை எடுத்து அவன் மேல் போடுகிறாள், அம்மா முறைக்கிறாள். அண்ணி மடிப்பது சோமாசு மடிப்பு, கயிறு மாதிரி முறுக்கி அழகாக. முதல் தட்டு நிறைந்து அம்மா கொண்டுபோய்க் குண்டானில் போட்டாள், எல்லாம் மூழ்கியது, நாங்கள் எட்டிப் பார்த்தோம்.

"நான் செத்தே பூடுவேன்" என்றாள் அண்ணி.

அப்படியே பளிச்சென்று. அம்மா கரண்டியோடு திரும்பினாள். அண்ணன் அடக்க முடியாமல் சிரித்தான். அண்ணிக்கு ஒரு தடவை திறந்துகொண்ட பிறகு மூட முடியவில்லை, அத்தே மன்னிச்சுடுங்க அத்தே, ஆனா ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன், அந்தம்மா இன்னாத்துக்குப் பேசல, அவங்க சாமி அப்படிச் சொல்லிகீதா, எங்க ஊர்ல சர்ச்சுக்குப் போறவங்க கீறாங்க, முந்தின நாள் ஊடே அமர்க்களம், பாட்டு இன்னா கூத்து இன்னா, ஒருத்தரும் வாய மூடிகினு நான் பார்த்ததில்ல. அம்மா, அவங்க வேற, இவங்க வேற என்றாள். வேற சரி, அன்னிக்கு அவங்க மூஞ்சி எப்டி இருந்துச்சு என்றாள் அண்ணி. அம்மா குண்டானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக மேலே வர ஆரம்பித்தது. அப்புறம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள், இதுவரைக்கும் சொல்லாததை, யாரும் கேட்காததால் சொல்லாததை. காலையிலிருந்து அன்னம்மா ஒரு கொழுக்கட்டை மடிப்பாளாம், எழுந்து போவாளாம், போனை எடுத்துக் காதில் வைத்துக் கேட்பாளாம், வைத்துவிடுவாளாம். கையில் மாவு, போனெல்லாம் மாவு, அம்மாதான் துடைத்தாளாம். இன்ஜினீயர் ஐயா அன்னம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு தந்தி ஆபீசுக்கு இரண்டு தடவை போய் வந்தாராம். கண்ணு செவந்துகினு இருந்துச்சு, வெங்காயம்னு நெனச்சேன் என்றாள் அம்மா.

நைனாதான் தொண்டையைக் கனைத்தார், கையிலிருந்ததை மடித்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக, அந்த வருசம் அவங்க ஊர்ல மிலிட்டரி வந்து ஒக்காந்துகிச்சு, அந்த மாசந்தான், போன் லைன் எல்லாம் கட் பண்ணிட்டாங்க, பேப்பர்ல போட்டிருந்தான் என்றார். அம்மா மெல்லத் திரும்பினாள். உனுக்குத் தெரியுமா என்றாள். தெரியும் என்றார். பன்னெண்டு வருசமாவா. ஆமா. சொல்றதுக்கு இன்னா என்றாள் அம்மா, அவள் குரல் கோபமா அழுகையா தெரியவில்லை, நைனா கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தார், நீ வந்து ஒதட்டுல வெரல வெச்சே, புள்ளைங்கல்லாம் அமைதியா ஒக்காந்துச்சுங்க, நல்லாத்தான் கீதுன்னு உட்டுட்டேன். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு, அத்தே, அவங்க ஊர்லேர்ந்து சேதி வரலன்னு அழுதுகினு கீறாங்க, நீங்க அத்தப் போயி பக்குவம்னு... என்று ஆரம்பித்தாள், அண்ணன் அவள் முழங்கையை இடித்தான், அப்புறம் அம்மாவே சிரித்துவிட்டாள், தலையில் அடித்துக்கொண்டு, கரண்டியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அந்தப் பச்சைக் கண் தெரிந்தது. பேச வேண்டாம் என்று இருந்தவள் இல்லை அவள். பேச வேண்டும் பேச வேண்டும் என்று நாள் பூராவும் இருந்தவள், லைன் இல்லாதவள். அந்த வீட்டில் அன்றைக்கு அம்மா இடுப்பில் நான்தானே இருந்தேன், நான்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்... அதை எடுத்து வந்து நாங்கள் பன்னிரண்டு வருஷம் பண்டிகையாகச் செய்துவிட்டோம், அதிலும் நான், எனக்கு ரொம்பப் பிடித்த நாள் என்று நோட்டு நோட்டாக எழுதினேன்.

சிரித்து முடித்ததும் மறுபடியும் எல்லாரும் மௌனமாகிவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை, பழக்கம். டம்ளர் பலகையில் அழுந்துகிற சத்தம், குண்டான் கொதிக்கிற சத்தம், அண்ணிகூட. இப்போது பேசலாமே, விதி போய்விட்டதே, இனி வாய் திறந்தால் என்ன, என்று எனக்குள் ஒன்று சொல்கிறது, மணி பார்த்தேன், மூன்று ஐந்து, குனிந்தேன், சரக். நைனா தலை நிமிர்ந்தார். காதில் விழுந்துவிட்டதா, என்ன சத்தம் என்று கேட்கப் போகிறாரா, கேட்டால் சுலபம், கேளுங்கள் நைனா, நீங்களே கேட்டுவிடுங்கள், அவர் கேட்கவில்லை, என் கையைப் பார்த்தார், கையில் வட்டம் காய்ந்துகொண்டிருந்தது, பூரணம் வைத்து மறந்து எவ்வளவு நேரமோ, அவர் மறுபடி குனிந்துவிட்டார். அவர் கேட்க மாட்டார். அவர் பன்னிரண்டு வருஷம் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்கக்கூடியவர், நல்லாத்தான் கீதுன்னு விட்டுவிடக்கூடியவர், நானும் அப்படித்தான் அவர் பெண், இப்படியே இரண்டு பேரும் மடித்துக்கொண்டே இருந்தால் நாலு மணி ஆகிவிடும், ராபியா வந்துவிடுவாள், என் வாழ்க்கையை ராபியா கேட்பாள்... நோட்டில் எழுதின எந்தப் பக்கமும் நினைவுக்கு வரவில்லை. நைனா ஒரு விஷயம், அது இல்லை, நைனா கோபப்படாதீங்க, அதுவும் இல்லை. தொண்டையில் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறுகிறது, அதே மாதிரி, செவ்வாய்க்கிழமை மாதிரி. கடைசியில் வந்தது வாக்கியமே இல்லை.

"பத்தாவது" என்றேன்.

எல்லார் கையும் நின்றது. "பிரைவேட்டா. எழுதறேன் நைனா. கையெழுத்து வேணும்."

குரல் கரகரவென்று, பல்லி மாதிரி, ஆனால் வந்தது. அண்ணன் டம்ளரை அழுத்தினபடி அப்படியே இருந்தான். அம்மா என்னைப் பார்க்கவில்லை, நைனாவைப் பார்த்தாள். நைனா கையிலிருந்ததை முழுசாக மடித்தார், ஒன்பது, பத்து, பதினொன்று, நான் கூடவே எண்ணினேன், பதினாலு, தட்டில் வைத்தார், அப்புறமும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் போகணுமா என்று கேட்டார். வேணாம் நைனா, ஞாயித்துக்கெழம மட்டும் டுடோரியல், ராபியாவும் வரா, பரீட்சைக்கு மட்டும் போனா போதும். யாரும் படிக்கச் சொல்ல மாட்டாங்களா என்றார். சொல்ல மாட்டாங்க, எழுதினா போதும். அவர் தலையாட்டினார். பயமாக் கீதா என்றார். இருக்கு என்றேன். அவர் மாவுக் கையைப் பேப்பரில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார், போகாத மாவை ஏன் அப்படித் தேய்க்கிறார் என்று நினைத்தேன்.

"அன்னிக்கு ஏரியில மொதல்ல உன் செருப்பத்தான் பார்த்தேன்" என்றார்.

என் செருப்பு. சேறு ஒட்டுகிறது என்று தண்ணீர் ஓரத்தில் கழற்றி வைத்துவிட்டு மதகு வரைக்கும் வெறுங்காலோடு போனேனே, அது... ஜோடியாக வைத்திருந்தேன், அழகாக, வீட்டு வாசலில் வைக்கிற மாதிரி. முழங்கால் வரைக்கும் ஈரம். அவர் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறார். எவ்வளவு தூரம் இறங்கினார், எத்தனை தடவை கூப்பிட்டார், எனக்குக் கேட்கவே இல்லையே, அந்தக் குரலும் அவருக்கு வரவில்லையா... "அதான், இனிமே அந்தப் பேச்சே வாணாம்னு சொன்னேன். மறுபடியும் அனுப்சி, நீ எங்கனா போய்ட்டா..." அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கோபம் என்று நினைத்தேன். இரண்டு வருஷமாகத் தினமும் அதைக் கோபம் என்று எழுதினேன், வெட்கம் என்று எழுதினேன், ஒரு பக்கத்தில்கூடப் பயம் என்று எழுதவில்லை. நான் ஏதாவது சொல்ல வேண்டும், நான் அதுக்குப் போகல நைனா, நீர்க்கோழி பார்க்கத்தான், சொன்னேனா, சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நீர்க்கோழியா என்றார், நீர்க்கோழியாம்டா என்று அண்ணனிடம் சொன்னார், சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுப்பில் இரண்டாம் தட்டு பொங்கி வழிந்து சுர்ரென்றது, அம்மா ஓடினாள், எல்லாம் வாய தொறந்துகிச்சு என்று உள்ளேயிருந்து கத்தினாள், உன்னுது மட்டும் இல்ல எல்லாருதும், அப்பவே எடுக்காம வுட்டுட்டேன், பரவால்ல, கெளறி சாப்ட்டுக்கலாம்.

நைனா குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவி வந்தார், பேனாவைத் தொடுவதற்கு முன்னால் முகத்தையும் கழுவிக்கொண்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்த பாரத்தை முதல் எழுத்திலிருந்து வாசித்தார், உதடு அசைய, விரல் வைத்து. கீழே கோவிந்தன் என்று முழுசாகக் கையெழுத்துப் போட்டார், போட்டுவிட்டு ஊதினார். அப்புறம்தான், இங்க ஒண்ணும் எழுதாம உட்டுட்டியே என்றார். நான் எட்டிப் பார்த்தேன். அங்க அடையாளங்கள், இரண்டு. அது நேற்றிலிருந்தே காலியாகத்தான் இருந்தது, ஒன்று தெரியும், வலது முழங்கையில் மச்சம், இன்னொன்று தேடித் தேடிக் கிடைக்கவில்லை, அண்ணியின் கண்ணாடியில்கூடப் பார்த்தேன். ராபியா வாசலில் செருப்பை விடுகிற சத்தம் கேட்டது, அண்ணி வாயெல்லாம் கொழுக்கட்டையோடு, வாடி வாடி, இன்னைக்கு இங்க இன்னா நடந்துச்சு தெரியுமா என்று ஓடினாள். எழுதும்மா, நேரமாவுது என்று நைனா பேனாவை என் பக்கம் நீட்டினார், தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார், வலது முழங்கையில ஒண்ணு, இடது காதுக்குப் பின்னால முடிக்குள்ள ஒண்ணு. இடது காதுக்குப் பின்னாலா... கையை விட்டுத் தடவிப் பார்த்தேன், மாவுதான் ஒட்டியது, மச்சம் விரலுக்குத் தெரியவில்லை, எந்தக் கண்ணாடியிலும் எனக்குத் தெரியாத இடம் அது. இருக்கிறது என்று அவர் சொல்கிறார். பதினாறு வருஷமாக இருக்கிறதாம். எழுதிக்கொண்டேன்.